பெர்லினுக்கு வைத்தியம் பார்த்தவர்

வாள் வீசியவனுக்கு வரலாற்றில் இடம் உண்டு. கோட்டை பிடித்தவனுக்கு உண்டு. முடி சூடியவனுக்கும், முடியைப் பறித்தவனுக்கும் உண்டு. தெருவிலே தேங்கிக் கிடந்த கழிவை அகற்றி, குழாயிலே நல்ல தண்ணீர் வரச் செய்து, தொட்டிலிலே கிடந்த பிள்ளையைச் சாவின் பிடியிலிருந்து மீட்டவனுக்கு? தேடித்தான் பார்க்க வேண்டும்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெர்லின் என்றதும் பிஸ்மார்க்கின் பெயர் நினைவுக்கு வருகிறது. இரும்பு மனிதர் என்று அவரை ஏட்டிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பெர்லினில், அதே பிஸ்மார்க்கை எதிர்த்து நின்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவரிடம் படை இல்லை, பட்டாளம் இல்லை. கையிலே உருப்பெருக்கிக் கண்ணாடி. கட்கத்திலே நகரசபைக் காகிதக் கட்டு. 43 ஆண்டுகள் இடைவிடாமல் பெர்லின் நகரசபை உறுப்பினராக இருந்தார். அவர் பெயர் ருடால்ப் விர்ச்சோ. மருத்துவம் படிப்போர் அவரை இன்றும் அறிவர். மாநகரம் அமைத்தவர் என்ற முறையில் அவரை அறிந்தோர் குறைவு. அந்த விர்ச்சோவைத்தான் இன்று நாம் அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

பஞ்சம் காட்டிய பாடம்

1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், பொமரேனியாவிலே ஷீபெல்பைன் என்ற சிற்றூரில் விர்ச்சோ பிறந்தார். அன்று அது பிரஷ்யா, இன்று போலந்து. தந்தையார் பெரிய சீமான் அல்ல. சிறிது நிலம் வைத்திருந்தார். ஊராட்சியின் கணக்குப் பார்த்தார். பிள்ளையோ படிப்பிலே புலி. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவின்றி மருத்துவம் கற்பித்துப் பின்னர் ராணுவ வைத்தியராக்கிக் கொள்ளும் பள்ளி ஒன்று பெர்லினில் இருந்தது. அதிலே சேர்ந்து, 1843-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1848-ஆம் ஆண்டின் தொடக்கம். மேல் சைலீஷியா என்ற பகுதியிலே விஷக் காய்ச்சல் பரவியது. விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வாட்டிய பகுதி அது. குடிசைக்குக் குடிசை பிணம் விழுந்தது. பத்திரிகைகள் கூச்சலிட்டன. கூச்சல் பொறுக்காமல், சர்க்கார் அவரையும் ஒரு குழுவோடு அனுப்பி வைத்தது. அப்போது அவருக்கு வயது 26.

சர்க்கார் எதிர்பார்த்தது என்ன? காற்று கெட்டுவிட்டது, இன்ன மருந்து கொடுக்கலாம் என்று நான்கு பக்கம் எழுதித் தருவார். கோப்பிலே கட்டி வைத்துவிடலாம் என்பதுதான். விர்ச்சோ மூன்று வாரம் அந்தக் குடிசைகளிலே நுழைந்து நுழைந்து வந்தார். ஈரத் தரை. ஒரே அறையிலே மனிதரும் மாடும். உண்ண உருளைக்கிழங்கு, அதுவும் அழுகிப் போனது. மக்கள் பேசும் மொழி போலிஷ். அதிகாரி பேசும் மொழி ஜெர்மன். பள்ளிக்கூடம் பெயருக்கு. பாதை கிடையாது. நிலமெல்லாம் எங்கோ வாழும் பிரபுக்களுக்கு. வரிச்சுமை மட்டும் இந்த மக்கள் முதுகில்!

அவர் எழுதிய அறிக்கையைக் கண்டு ஆளவந்தார் அதிர்ந்தனர். மருந்தின் பெயர் தேடியவர்களுக்கு அரசியல் பதில் கிடைத்தது. மக்களுக்குத் தாய்மொழியிலே கல்வி கொடுங்கள், தம்மைத் தாமே ஆளும் உரிமை கொடுங்கள், ஏழை மீதுள்ள வரியைக் குறையுங்கள், பாதை போடுங்கள், மதபீடத்தின் பிடியிலிருந்து பள்ளியை விடுவியுங்கள். இவைதான் அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு! அந்தக் காய்ச்சல் பேன் மூலம் பரவுகிறது என்ற உண்மை உலகுக்குத் தெரிந்தது 1909-இல். விர்ச்சோவுக்கு அது தெரியாது. ஆனால், பேன் பெருகுவதற்கு வறுமை வேண்டும், நெருக்கடி வேண்டும், மாற்றுத் துணி இல்லாமை வேண்டும். அந்த வேரை அவர் கண்டுகொண்டார்.

அறிக்கை எழுதத் திரும்பிய சில நாட்களிலேயே, மார்ச் 18-இல், பெர்லின் தெருக்களிலே புரட்சி வெடித்தது. இளம் டாக்டர் வீட்டிலே ஒளிந்து கொள்ளவில்லை. தடையரண் எழுப்பிய மக்களோடு மக்களாக நின்றார். மருத்துவச் சீர்திருத்தத்துக்காக ஒரு வார ஏடு தொடங்கினார். உடல்நலம் பிச்சையல்ல, குடிமகன் உரிமை. அதைக் காப்பது அரசின் கடமை என்று வாரந்தோறும் எழுதினார்.

புரட்சி தோற்றது. தோற்ற பின் என்ன நடக்கும்? பழிவாங்கல் நடக்கும். 1849-இல் அவர் வேலைக்கு ஆபத்து வந்தது. ஏடும் நின்றது. பெர்லினை விட்டு, பவேரியாவிலுள்ள வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே ஏழாண்டுகள் ஆராய்ச்சி. உடல் என்பது கோடானுகோடி உயிரணுக்களின் கூட்டு வாழ்வு. அணுவிலிருந்துதான் அணு பிறக்கும். நோய் என்பது ஏதோ வெளியிலிருந்து வந்து புகுந்த பூதமல்ல, அணுக்களின் வாழ்விலே நேரும் கோளாறு என்று நிலைநாட்டினார். 1856-இல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. 1858-இல் அவருடைய உயிரணு நோயியல் நூல் வெளிவந்தது. உலகப் புகழ் வீட்டு வாயிலிலே வந்து நின்றது.

வேறொருவராக இருந்தால் அந்தப் புகழைப் போர்த்திக் கொண்டு பேராசிரியப் பதவியிலே சாய்ந்திருப்பார். விர்ச்சோ 1859-இல் நகரசபைத் தேர்தலுக்கு நின்றார்!

நகரமா, நரகமா?

அன்றைய பெர்லினை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலைகள் முளைத்தன. இயந்திரம் செய்யும் ஆலைகள், நெசவாலைகள், ரயில் நிலையங்கள். கிராமத்திலே பிழைப்பிழந்தவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக வந்து இறங்கினர். 1861-இல் ஐந்தரை லட்சம் பேர். 1877-இல் பத்து லட்சம் பேர். நூற்றாண்டு முடிவிலே ஏறக்குறைய 19 லட்சம்!

இவர்கள் தங்க என்ன ஏற்பாடு? தெருப் பக்கம் அழகான முகப்பு, உள்ளே முற்றம், அதன் பின்னே மற்றொரு கட்டு, அதன் பின்னே இன்னொரு முற்றம். வெளிச்சம் எட்டாத அறைகள். மக்களே அவற்றுக்கு வாடகைப் பட்டாளக் கொட்டடி என்று பெயர் சூட்டினர். ஓர் அறையிலே ஒரு குடும்பம். அதிலேயும் இரவுக்குப் படுக்கை வாடகைக்கு எடுத்த ஓர் அயலான். நிலவறையிலே வாழ்ந்தோர் பல்லாயிரம்.

கழிவுக்கு வழி? தெருவின் இருபுறமும் ஆழமான திறந்த வாய்க்கால். அடுக்களை நீர், பட்டறைக் கழிவு, ஆடு மாடு அறுத்த ரத்தம், எல்லாம் அதிலே. பெர்லின் மேடுபள்ளம் இல்லாத சமவெளி. ஓடாத வாய்க்காலிலே தேங்கி நாறியது. மலக்குழிகள் முற்றத்திலே, அருகிலேயே கிணறு.

1856-இல் ஆங்கிலக் கம்பெனி ஒன்று குழாய் நீர் கொண்டு வந்தது. நல்லதுதானே என்பீர்கள். தண்ணீர் வந்தது, தண்ணீர் போகும் வழி வரவில்லை! காசுள்ளவர் வீட்டிலே நீர்க் கழிப்பறை வைத்தனர். அது அடித்துக் கொண்டு போன அழுக்கெல்லாம் தெரு வாய்க்காலுக்கும் ஸ்ப்ரே ஆற்றுக்கும் வந்தது. மாளிகையின் சுத்தம், மண்குடிசையின் அசுத்தமாயிற்று. லாபம் தரும் தெருவுக்கு மட்டும் குழாய் போட்டது கம்பெனி. தொழிலாளர் பகுதிகளுக்கு நீட்டச் சொன்னால் கணக்குப் பார்த்தது.

1866-இல் வாந்திபேதி வந்தது. ஆயிரக்கணக்கிலே அள்ளிச் சென்றது. வாந்திபேதியாவது வந்து போகும் விருந்தாளி. டைபாய்டு அங்கேயே குடியிருந்தது. 1870-களில், பெர்லினிலே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மூன்று தொட்டிலிலே ஒரு தொட்டில் காலி! இதற்குப் பெயர் விதியா?

விதி என்று சொல்லி விட்டால் வரி கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு விதியின் மீது அத்தனை பக்தி!

வீட்டுக்காரர்களின் மன்றத்திலே

அந்த நகரசபை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரஷ்யாவிலே வாக்காளர்களை வரிப்பணத்தை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மொத்த வரியில் மூன்றிலொரு பங்கைக் கட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க செல்வர்கள் முதல் வகுப்பு. அடுத்த பங்கைக் கட்டுவோர் இரண்டாம் வகுப்பு. எஞ்சிய பெருங்கூட்டம் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் சமமான இடங்கள்! ஓட்டும் ரகசியமல்ல, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டே இல்லை. போதாததற்கு, உறுப்பினரில் பாதிப்பேர் வீட்டுச் சொந்தக்காரராக இருந்தே தீரவேண்டும் என்று சட்டம்.

அதாவது, வாடகை வாங்குவோர் மன்றத்திலே போய், வாடகை கொடுப்போர் உயிரைக் காக்கப் பணம் கேட்க வேண்டும். அந்த வேலையைத்தான் விர்ச்சோ மேற்கொண்டார்.

கழிவு பற்றிப் பெர்லினிலே பெரும் போர் நடந்தது. பூமிக்கடியிலே கால்வாய் வெட்டு என்றது ஒரு கட்சி. வேண்டாம், செலவு, வண்டியிலே அள்ளிக் கொண்டு போய் வயலுக்கு உரமாக்கு, கழிவு என்பது காசு என்றது மறு கட்சி. கால்வாய் வெட்டி ஆற்றிலே விடலாம் என்றது முதலில் வந்த ஒரு திட்டம். அப்படியானால், மேட்டிலிருப்பவன் கழிவைப் பள்ளத்திலிருப்பவன் குடிக்க வேண்டியதுதான்!

விர்ச்சோ உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை. 1867 முதல் நகரசபை அமைத்த ஆய்வுக் குழுவுக்கு அவர் வழிகாட்டினார். எந்தத் தெருவிலே எத்தனைச் சாவு, எந்த மாதத்திலே அதிகம், நிலத்தடி நீர் எவ்வளவு ஏறியது, மண் எப்படிப்பட்டது என்று வாரம் வாரமாகக் கணக்கெடுத்தார்கள். சோதனை வயல் ஒன்றிலே கழிவு நீரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மேடையிலே கைதட்டு வாங்கும் வேலையா இது? இல்லை. மூக்கைப் பிடித்துக் கொண்டு செய்ய வேண்டிய வேலை. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் அதைச் செய்தார்.

அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்ற பொறியியல் வல்லுநர் வாய்த்தார். இருவரும் வகுத்த திட்டம் எளிமையானது. நகரை 12 பகுதியாகப் பிரிப்பது. ஒவ்வொரு பகுதியிலும், தாழ்ந்த இடத்தை நோக்கிச் செங்கல் கால்வாய்கள் சரிவாக ஓடும். அங்கே நீராவி இயந்திரம் உள்ள நிலையம். அது கழிவை உறிஞ்சி, இரும்புக் குழாய் வழியே நகருக்கு வெளியே தள்ளும். அங்கே நகரசபைக்குச் சொந்தமான வயல்கள். கழிவு நீர் மண்ணிலே ஊறி வடிகட்டப்படும்; புல்லும் காய்கறியும் விளையும். ஆறும் தப்பியது, உரமும் வீணாகவில்லை. சண்டையிட்ட இரு கட்சியின் வாதத்திலும் இருந்த உண்மை ஒரே திட்டத்திலே அடங்கிற்று!

1873-இல் நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஆண்டே மண் வெட்டத் தொடங்கினர். 1876-இல் முதல் பகுதி இயங்கியது. ஒவ்வொரு வீடும் கால்வாயோடு இணைய வேண்டும் என்று கட்டாயமாயிற்று. வீட்டுக்காரர்கள் முனகினர், இணைத்தனர். ஒரு பகுதிக்குப் பின் ஒரு பகுதியாக வேலை நகர்ந்தது. கடைசிப் பகுதி முடிந்தது 1909-இல், விர்ச்சோ கண்மூடிய பிறகு. கழிவு வயல்களின் பரப்பு, நகரத்தின் பரப்பையே மிஞ்சி வளர்ந்தது. ஆங்கிலக் கம்பெனியிடமிருந்து குடிநீர் நிலையத்தையும் 1870-களில் நகரசபையே விலைக்கு வாங்கிக் கொண்டது. தண்ணீர் விற்பனைச் சரக்கு என்ற நிலை மாறி, நகரின் பொதுச் சொத்தாயிற்று.

பலன்? கால்வாய் இணைந்த தெருக்களிலே டைபாய்டு விழுந்தது. நூற்றாண்டு முடிவதற்குள், நகர் முழுவதிலும் அந்தச் சாவு பல மடங்கு குறைந்து போயிற்று.

இறைச்சியும் இருமலும்

சாக்கடையோடு அவர் நின்றுவிடவில்லை. பன்றி இறைச்சியிலே நூல் போன்ற நுண்புழு இருக்கிறது. அரைவேக்காடாகத் தின்றால் அது மனிதத் தசையிலே குடியேறிக் கொல்கிறது என்பதை ஆராய்ந்து காட்டியவர்களில் அவர் ஒருவர். 1865-இல் ஹெடர்ஸ்லேபன் என்ற சிற்றூரிலே இந்தப் புழுவால் நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஒவ்வொரு பன்றியையும் உருப்பெருக்கியிலே சோதித்த பிறகே விற்க விட வேண்டும் என்றார் விர்ச்சோ. கசாப்புக்காரர்கள் கொதித்தெழுந்தனர். வியாபாரம் போச்சு என்றனர். புழுவாவது பூச்சியாவது என்று கேலி செய்தனர். அவர் விடவில்லை. 1881-இல் நகரசபையின் மத்திய இறைச்சிக் கூடம் திறக்கப்பட்டது. பின்கட்டிலே அறுக்கும் பழக்கத்துக்கு முடிவு வந்தது. உருப்பெருக்கியோடு உட்கார்ந்து இறைச்சி சோதிக்கும் வேலையிலே பெண்களும் அமர்ந்தனர்.

1874-இல் ப்ரீட்ரிக்ஸ்ஹைன் பூங்கா அருகே நகரசபையின் முதல் பொது மருத்துவமனை எழுந்தது. ஒரே இருட்டு மாளிகையாக அல்ல. காற்றும் வெளிச்சமும் புகும் தனித்தனிக் கட்டடங்களாக. நோயாளி ஏழை என்பதற்காகக் காற்றைக் குறைக்கலாமா? கூடாது என்பது விர்ச்சோவின் வாதம். பள்ளிப் பிள்ளைகளின் கண், முதுகு, மூச்சு ஆகியவற்றைப் பள்ளிக் கட்டடமே கெடுக்கிறது என்றும் எழுதினார்.

பிரஷ்ய சட்டசபையிலும் அவர் இருந்தார். 1861-இல் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். சட்டசபையின் ஒப்புதல் இல்லாமலே பட்டாளத்துக்குப் பணம் செலவிட்ட பிஸ்மார்க்கை முகத்துக்கு நேரே கண்டித்தார். 1865-இல் பிஸ்மார்க் சீறி எழுந்து, வா, ஆயுதத்தோடு மோதிப் பார்க்கலாம் என்று சவால் விட்டார். விர்ச்சோ மறுத்தார். அது கோழைத்தனமல்ல. கருத்துக்குப் பதில் கருத்து, துப்பாக்கிக் குண்டல்ல என்ற நாகரிகம். அடுத்த ஆண்டு போரிலே பிரஷ்யா வென்றதும், வெற்றியின் ஒளியிலே கண்கூசிப் பலர் பிஸ்மார்க் பக்கம் ஓடினர். விர்ச்சோ இருந்த இடத்திலேயே இருந்தார்.

இன வெறி தலைதூக்கிய காலத்தில், ஜெர்மனி முழுவதும் 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுக்கச் செய்தார். தூய ஜெர்மானிய இனம் என்று தனித்து எதுவும் இல்லை, எல்லாம் கலந்தே கிடக்கிறது என்று காட்டினார். யூதர்களுக்கு எதிரான கூச்சலைச் சட்டசபையிலும் எதிர்த்தார். பிற்காலத்து வெறியர்கள் அந்தக் கணக்கைப் படித்திருந்தால்! படிப்பவர்களாக இருந்தால் அவர்கள் ஏன் வெறியர்களாகிறார்கள்?

குறையும் கூறுவோம்

நாம் சிலை வைத்துக் கும்பிடுவதற்காக இதை எழுதவில்லை. குறைகளும் உண்டு. பிரசவ அறையிலே டாக்டர்கள் கை கழுவினால் தாய்மார் பிழைப்பர் என்ற ஸெம்மல்வைஸின் உண்மையை அவர் நெடுநாள் ஏற்கவில்லை. நுண்கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற புது விஞ்ஞானத்தை நெடுங்காலம் சந்தேகத்தோடே பார்த்தார். அடிமைப்பட்ட நாடுகளிலிருந்து வந்த மண்டையோடுகளைச் சேர்த்து வைத்தார். இறந்தவரின் உறவினரைக் கேட்டு எடுத்தவை அல்ல அவை. பாட்டாளிகள் கட்சி கட்டி எழுந்தபோது, அந்தக் கட்சியோடு அவர் சேரவில்லை. 1883-இல் பால் ஸிங்கர் முதலான சமூக ஜனநாயகவாதிகள் நகரசபைக்குள் நுழைந்தபோது, வீட்டு வாடகைக் கொடுமை தீராமலேதான் இருந்தது. சாக்கடை போயிற்று, கொட்டடி போகவில்லை. மூன்று வகுப்பு ஓட்டு முறையும் அவர் காலத்திலே ஒழியவில்லை.

ஆயினும் ஒன்று. கிருமியை நம்பாத அதே மனிதர், கிருமி வாழும் அழுக்கை அகற்றினார். எல்லாம் அறிந்த பிறகு செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அறிந்த அளவுக்குச் செய்தார்.

காத்திருந்த ஊர் எது தெரியுமா? ஹாம்பர்க். வணிகச் செல்வர்கள் ஆண்ட ஊர். எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயிலே விட்டனர். வடிகட்டும் நிலையம் வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்லியும், செலவு யார் தலையிலே என்று ஆண்டுக்கணக்கிலே வாதாடினர். 1892-இல் வாந்திபேதி வந்தது; சில வாரங்களிலே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பக்கத்திலே ஒட்டியிருந்த ஆல்டோனாவில் நீரை வடிகட்டிக் கொடுத்தார்கள். அது பெரும்பாலும் தப்பியது. பெர்லினும் தப்பியது. மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஹாம்பர்க் செல்வர்களால் ஒரு பிணத்தையாவது எழுப்ப முடிந்ததா?

கடைசி நாட்கள்

1891-இல் பெர்லின் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. 1901-இல் அவருடைய எண்பதாம் பிறந்தநாளைப் பல நாட்டு அறிஞர்கள் கூடிக் கொண்டாடினர். அப்போதும் அவர் நகரசபை உறுப்பினர்தான். 1902 ஜனவரியிலே, ஓடும் மின்சார டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து மீளவில்லை. செப்டம்பர் 5-இல் மறைந்தார். நகரத்தின் செலவிலே இறுதி மரியாதை நடந்தது. 1906-இல், தொழிலாளர் வாழும் வெட்டிங் பகுதியிலே நகரசபை கட்டிய மாபெரும் மருத்துவமனைக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் அது அந்தப் பெயரோடு நோயாளிகளை ஏற்று வருகிறது. ஹோப்ரெக்ட் கட்டிய செங்கல் கால்வாய்களில் இன்றும் பெர்லினின் கழிவு ஓடிக்கொண்டிருக்கிறது. பிஸ்மார்க் கட்டிய சாம்ராஜ்யம் 1918-லேயே சரிந்தது, சாக்கடை நிற்கிறது!

நாம் இந்த வரலாற்றைக் கூறக் காரணம் உண்டு. நகரசபை என்றால் சின்ன விஷயம், சட்டசபை என்றால் பெரிய விஷயம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வட்டத்திலே வேலை செய்யும் தோழர், குழாயடிச் சண்டையைத் தீர்ப்பதும், அடைத்துக் கொண்ட சாக்கடைக்கு மனு எழுதுவதும் தம் தகுதிக்குக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. உலகம் போற்றிய விஞ்ஞானி 43 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். மேல் சைலீஷியாவின் குடிசையிலே அவர் கண்ட உண்மையைப் பெர்லினின் வரவு செலவுத் திட்டத்திலே எழுதி வைத்தார்.

ஒரு தெருவுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் மேகத்தைப் பொறுத்ததல்ல. மன்றத்திலே தூக்கப்படும் கைகளைப் பொறுத்தது. அந்தக் கைகள் யாருடையவை என்பதைத் தீர்மானிப்பது நமது ஓட்டு. ஓட்டுப் போட்டதோடு நம் வேலை தீர்ந்துவிடுவதில்லை. எந்தத் தெருவிலே எத்தனை வீட்டுக்குக் குழாய், எத்தனைப் பிள்ளைக்குக் காய்ச்சல், எங்கே கழிவு தேங்குகிறது என்று கணக்கெடுத்துக் கொண்டு போய்க் கேட்க வேண்டும். கணக்கோடு கேட்பவனை எளிதிலே விரட்ட முடியாது. விர்ச்சோவை வீட்டுக்காரர்களால் விரட்ட முடிந்ததா?